தலைக்கு முழுகினியோ?

பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஒரு பழைய தேவாலயம், அதைச் சுற்றிச் சேமக்காலை. இங்கிலாந்தின் வடக்கே இந்தச் சின்ன ஊருக்கு வந்த இரண்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை பஸ்ஸைக் காணாமல் நின்றபோது, மதிலுக்கு அந்தப் பக்கம் அறுபது வயது மதிக்கக்கூடிய ஒரு மனிசி முழங்காலில் இருந்து ஒரு கல்லுக்குத் தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து, வெயிலைப் பிடித்துக் கல்லின் மேல் அடித்தார். தலையில் ஏதும் பிழையோ என்றுதான் முதலில் நினைத்தேன். உங்கள் பாட்டியா என்று கேட்டேன். இல்லை, ஆர் எண்டே தெரியாது என்று சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். உங்கள் ஆட்களின் கல்லறைகள் எங்கே இருக்கின்றன என்று, எந்த ஊர் என்று கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டார். பஸ் வந்தது நல்லதாய்ப் போயிற்று.

எங்களுக்கு ஏது கல்லறை? எரித்துக் காடாற்றி முல்லைத்தீவுக் கடலில் கரைத்தால் முடிந்தது. அதிலும் நான் பெண். பிரேதம் படலை தாண்டியதும் திரும்பிப்போய் வீடு கழுவுகிறவர்கள் நாங்கள். புதுக்குடியிருப்பில் பிறந்து வளர்ந்த எனக்குச் சுடலை எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான்.

என்ன நினைத்தேனோ, அடுத்த சனியும் போனேன். இப்போது பத்து வருசத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு சனி இரவும் அம்மா போனில் கேட்கிற முதல் கேள்வி, "பிள்ளை, தலைக்கு முழுகினியோ?" முழுகினனான் அம்மா என்பேன். மாசி மாதத்து இங்கிலாந்தில் ஆர் முழுகிறது.

பழைய கல்லறைக் கற்களைக் கழுவி, எழுத்தை வாசித்து, படமெடுத்துப் பதிகிற இந்த வேலை செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 'ஃபைண்ட் எ கிரேவ்' என்ற தளத்தை 1995இல் ஒருவர் பிரபலங்களின் கல்லறைகளைப் பட்டியல் போடத் தொடங்கினாராம். இன்று கனடாவில் இருக்கும் ஒருவர் தன் பூட்டனின் கல்லைப் படமெடுத்துத் தாருங்கள் என்று அதில் கேட்டால், இந்த ஊரில் இருக்கிற யாரோ ஒருவர் குடையோடு போய் எடுத்துப் போடுவார், காசு கிடையாது. 2011இல் வந்த 'பில்லியன் கிரேவ்ஸ்' செயலி படத்தோடு இடத்தையும் குறித்துக்கொள்ளும். எங்கள் குழுவில் சட்டம் கடுமை: கம்பித் தூரிகை கூடாது, பிளீச் கூடாது, சவர நுரை பூசவே கூடாது, அது கல்லைத் தின்றுவிடும். வெறும் தண்ணீர், மெத்தென்ற தூரிகை, பக்கவாட்டில் விழுகிற வெளிச்சம். அந்தக் கண்ணாடியின் சூட்சுமம் எனக்குப் பிடிபட ஒரு மாதம் ஆனது. நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. ஓரத்திலிருந்து சரித்து அடிக்க வேண்டும். மொட்டையாய்க் கிடந்த கல்லில் எழுத்தெல்லாம் நிழல் கட்டி எழும்பி வரும். நான் தனியாக வாசித்த முதல் கல் 1847, நாலு மாதக் குழந்தை. அதற்குக் கீழே தாயின் பெயர், பெயரோடு 'ரெலிக்ட்' என்று ஒரு சொல். கைம்பெண்ணுக்கு அந்தக் காலத்து வார்த்தையாம். மிச்சம் நிற்பவள் என்று நானாக அர்த்தம் எடுத்துக்கொண்டேன், அம்மாவின் முகம் வந்துவிட்டது.

சரி, வன்னியில் கல்லே இல்லை என்றால் அதுவும் பொய். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு கல் கச்சிலைமடுவில் இருந்தது. 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று வெள்ளைக்காரன் நட்டது. எங்கள் ஊர் மன்னருக்கு, அடித்தவன் வைத்த கல்! அப்புறம் விசுவமடுவிலும் கனகபுரத்திலும் வரிசை வரிசையாய் நின்ற, போரில் இறந்த போராளிகளின் துயிலும் இல்லக் கல்லறைகள். 2009க்குப் பிறகு புல்டோசர் போட்டதில், உடைந்த துண்டுகளைக் கூட்டிக் குவித்து வைத்துத்தான் இப்போது கார்த்திகையில் விளக்கேற்றுகிறார்கள். துண்டுகளில் ஆர் கண்ணாடியை எந்தப் பக்கம் சரித்தாலும் பெயர் எழும்பாது.

வீட்டுச் சாவுக்கு எங்களிடம் இருப்பது கடதாசி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கிற புத்தகத்துக்குக் கல்வெட்டு என்று பெயர் வைத்தவர் நல்ல பகிடிக்காரர். அப்பப்பாவின் கல்வெட்டு நீல மட்டை. உள்ளே திதி வெண்பா, தேவாரம், நடுவில் மடித்த தாளில் வம்சாவளி. காணி உறுதியோடு அம்மாவின் சூட்கேசில் இருந்தது. போரில் இடம்பெயர்ந்தபோது உடையார்கட்டுவரை கொண்டுவந்தோம்.

அப்பாவுக்கு அந்தக் கடதாசியும் இல்லை. 2009 பங்குனி, மாத்தளன். அம்மாவின் கலியாணச் சேலையையும் கிழித்து மண்மூட்டை தைத்த நாட்கள் அவை. எரிக்க விறகும் இல்லை, நேரமும் இல்லை. பங்கருக்குப் பக்கத்தில் மணலைத் தோண்டி வைத்துவிட்டு, உடைந்த மண்வெட்டிப் பிடி ஒன்றைத் தலைமாட்டில் நட்டோம். செயலி நாள், மாதம், வருடம் கேட்கும். அம்மாவுக்குத் தெரிந்தது தேய்பிறை, ஷெல் கொஞ்சம் ஓய்ந்த மத்தியானம்.

2017இல் போனபோது போனைப் பிடித்துக்கொண்டு அந்த மணலில் நடந்தேன். எத்தனை மீட்டர் துல்லியம் என்று திரையில் காட்டிக்கொண்டிருந்தது. எதிலிருந்து அளப்பது? அம்மா ஒரு தலையில்லாத தென்னையைக் காட்டி இதுதான் என்றா, கொஞ்ச நேரத்தில் இன்னொன்றைக் காட்டி இல்லை, அதுதான் என்றா. இரண்டையும் படமெடுத்தேன்.

போன வருசம் ஒரு இரவு, நித்திரை வராமல் ஈழத்துப் பழைய புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிற 'நூலகம்' இணையத்தளத்தில் பழைய நினைவு மலர்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவின் மாமன் முறையான ஒருவரின் கல்வெட்டு அகப்பட்டது. வம்சாவளியில் ஒரு கோட்டின் கீழே, எறும்பளவு எழுத்தில் அப்பாவின் பெயர். உடனே போனை எடுத்துக் கணினித் திரையைப் படம் பிடித்தேன், விளக்கைச் சரித்து வைத்து. பக்கத்தையே இறக்கிக்கொள்ளலாம் என்பது விடியத்தான் மூளைக்கு எட்டியது.

நான் இங்கே நன்றாகவே பழகிவிட்டேன். ஆடி அமாவாசை விரதச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் கிடைக்காதது ஒன்றுதான் குறை. அதையும் ஒவ்வொரு வருசமும் தேடுவேன்.

போன சனி ஒரு அவுஸ்திரேலியாக்காரருக்காகத் தேடிய கல் முகங்குப்புற விழுந்து கிடந்தது. புரட்ட எங்களுக்கு அனுமதி இல்லை, பாரமும் அப்படி. முதுகில் பாசி மட்டும். கழுவிப் படமெடுத்து, வாசிக்க முடியவில்லை என்று பதிந்துவிட்டு வந்தேன். இரவு அம்மாவிடம் சொன்னேன்.

"வாசிக்கேலாத கல்லுக்கு ஏன் தண்ணி ஊத்தினனி?"

"பழக்கம் அம்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. முழுகினியோ என்று கேட்கப்போகிறா என்று காத்திருந்தேன்.

"பிள்ளை, அங்க கடையில எள்ளு வாங்கலாமோ?"