ஒரு நிமிடப் பேச்சும் 15 டாலரும்

2019 நவம்பரில் டெலவேர் மாநிலத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சம்பளச் சீட்டைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். மணிக்கு 8.75 டாலர், 40 மணி நேரம், 350 டாலர். வரி பிடித்ததுபோக மிஞ்சியது அதற்கும் கீழே. மாநிலத்தின் குறைந்தபட்சச் சம்பளம் அப்போது 9.25. எனக்கு மட்டும் ஏன் அரை டாலர் குறைவு என்று அலுவலகத்தில் கேட்டேன். "முதல் 90 நாள் பயிற்சிக் கூலி, சட்டப்படிதான்" என்றார்கள். சட்டம் சரியாகவே இருந்தது. அதுதான் என்னை உறுத்தியது. பதினான்கு குழந்தைகளுக்கு டயப்பர் மாற்றுவதில் முதல் நாளுக்கும் தொண்ணூற்றோராம் நாளுக்கும் என்ன வித்தியாசம்?

நாங்கள் இருப்பது நியூ-ஆர்க். நியூ ஜெர்சியின் நூவர்க் வேறு. எங்கள் ஊர்ப் பெயரை இரண்டாகப் பிரித்துச் சொன்னால்தான் உள்ளூர்க்காரர்களுக்குப் புரியும். அந்த அரை டாலர் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் எனக்கு அரசியல் புரியத் தொடங்கியது.

2018இல் மாநிலச் சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி இரவு. ஜூன் 30 தாண்டி ஜூலை 1 விடியும் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பளத்தை முதலில் 8.75க்கும் பிறகு 9.25க்கும் உயர்த்தும் மசோதா நிறைவேறுகிறது. ஆனால் சாலை, பள்ளிக் கட்டடம் போன்ற கட்டுமானப் பணிகளுக்கான நிதி மசோதாவுக்கு முக்கால் பங்கு வாக்கு வேண்டும். அது எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சி இல்லாமல் நடக்காது. அவர்கள் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு பேரம் பேசினார்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் புதிதாகச் சேர்பவர்களின் முதல் 90 நாளுக்கும் அரை டாலர் குறைக்கலாம் என்று இன்னொரு மசோதா பிறந்தது. என் சீட்டில் இருந்த 8.75 அந்த விடியற்காலைப் பேரத்தின் விலை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன அம்மா சனிக்கிழமை சம்பளக் கவரை வாங்கியதும் ஷிஃப்ட் கணக்கை விரல்விட்டு எண்ணுவார். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. யார் எப்போது எதைக் கழித்தார்கள் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

2020 செப்டம்பரில் இங்கே ஜனநாயகக் கட்சிக்குள் வேட்பாளர் தேர்வு நடந்தது. எங்கள் பகுதியில் மதீனா வில்சன்-ஆன்டன், பல ஆண்டுகள் பதவியில் இருந்தவரை ஐம்பதுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். மாநில மேலவையின் தலைவராக இருந்த டேவிட் மெக்பிரைடை மேரி பிங்க்னி வீழ்த்தினார். எரிக் மோரிசன், லாரி லாம்பர்ட் ஆகியோரும் ஏற்கெனவே உறுப்பினர்களாக இருந்தவர்களை வென்றார்கள். எதிர்க்கட்சியோடு மோதுவதற்கு முன்னால் சொந்தக் கட்சிக்குள் ஆளை மாற்றுவதுதான் முற்போக்கு அணியின் முதல் வேலை என்பது எனக்கு அப்போது தெரியாது. தொற்றுக் காலம். வீட்டில் இருந்தே தொலைபேசியில் வாக்குக் கேட்டேன். ஓர் அங்கிள் நிதானமாகக் கேட்டார்: "நம்ம பிள்ளைங்க எல்லாம் ஐடிலதான் இருக்காங்க. மினிமம் வேஜ் நமக்கு எதுக்கும்மா?" அவருடைய பேத்தி எங்கள் காப்பகத்தில்தான் இருந்தாள். "உங்க பேத்திக்கு மதியம் சோறு ஊட்டுறது நான்தான் அங்கிள்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, எந்தத் தேதிக்குள் வாக்குச்சீட்டை அனுப்ப வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

2021 தொடக்கத்தில் கவனம் முழுக்க வாஷிங்டனுக்குப் போனது. நாடு தழுவிய குறைந்தபட்சச் சம்பளம் 2009 ஜூலையில் 7.25 ஆனது; அதன்பிறகு அசையவே இல்லை. அதை 15 ஆக்கும் மசோதா 2019இல் கீழவையில் நிறைவேறி, மேலவையில் எடுத்துக்கொள்ளப்படாமலே கிடந்து மடிந்தது. மேலவையில் சாதாரண மசோதாவுக்கே 60 வாக்கு தேவைப்படுகிறது, அப்போது இரு கட்சிகளின் பலமோ 50-50. சமன் ஆனால் அன்றைய துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கு. ஆகவே செனட்டர், அதாவது மேலவை உறுப்பினர், பெர்னி சாண்டர்ஸும் கீழவை முற்போக்கு அணியின் அன்றைய தலைவர் பிரமிளா ஜெயபாலும் (சென்னையில் பிறந்தவர்) வேறு வழி பார்த்தார்கள். கொரோனா நிவாரண மசோதா பட்ஜெட் சார்ந்த தனி நடைமுறையில் வருகிறது. அதற்குப் பெரும்பான்மை போதும். அதிலேயே 15 டாலரைச் சேர்த்துவிடுவது என்று முடிவு.

அந்த நடைமுறையில் 'பேர்ட் விதி' என்று ஒரு வேலி இருக்கிறது. அரசின் வரவு செலவில் மாற்றம் உண்டாக்குவதே ஒரு பிரிவின் முக்கிய விளைவாக இருக்க வேண்டும். போகிறபோக்கில் உண்டாகும் விளைவு போதாது. நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகத்தின் கணக்குப்படி, 15 டாலர் வந்தால் பத்தாண்டில் பற்றாக்குறை 5,400 கோடி டாலர் கூடும், 9 லட்சம் பேர் வறுமையில் இருந்து மேலே வருவார்கள், 14 லட்சம் வேலைகள் குறையும். எதிர்த்தவர்கள் கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். சாண்டர்ஸ் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டார்: இவ்வளவு பணம் அசைகிறதே, இது பட்ஜெட் விஷயம் இல்லாமல் வேறென்ன? நல்ல வாதம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிப்ரவரி 25ஆம் தேதி மேலவையின் விதி ஆலோசகர் எலிசபெத் மெக்டோனா, இது விதிக்குள் வராது என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் மதிய உணவு இடைவேளையில் எங்கள் இரண்டு செனட்டர்களின் அலுவலகங்களுக்கும் தினமும் அழைத்தேன். பெயர், ஜிப் கோடு, என்ன விஷயம் என்று கேட்டு, "செனட்டரிடம் தெரிவிக்கிறோம்" என்பார்கள். நாற்பது விநாடிகூட ஆகாது. விதி ஆலோசகர் சொல்வது ஆலோசனை மட்டுமே, தலைமை இருக்கையில் இருந்து கமலா ஹாரிஸ் அதை ஒதுக்கிவிடலாம் என்று ரோ கன்னா உள்ளிட்ட 23 கீழவை உறுப்பினர்கள் கடிதம் எழுதினார்கள். வெள்ளை மாளிகை ஒத்துக்கொள்ளவில்லை. 15 டாலர் தராத பெருநிறுவனங்களுக்கு வரி போடும் மாற்றுத் திட்டமும் சில நாட்களில் கைவிடப்பட்டது.

மார்ச் 5. தோற்பது உறுதி என்று தெரிந்தும் சாண்டர்ஸ் 15 டாலரைத் திருத்தமாக வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார். எனக்கு அன்று கோபம். தோல்வியை எதற்குக் கேட்டு வாங்க வேண்டும்? விதிக்குள் வராததால் தேவை 60, கிடைத்தது 42. எதிராக 58. வேலையில்லாதோர் உதவித்தொகை பற்றி வேறொரு பேரம் நடந்துகொண்டிருந்ததால் அந்த ஒரு வாக்கெடுப்பைக் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம் முடிக்காமல் திறந்தே வைத்திருந்தார்கள். குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், திரையில் அதே எண்கள். ஜனநாயகக் கட்சி அணியில் எட்டுப் பேர் எதிர்த்திருந்தார்கள். அந்த எட்டில் இருவர் டாம் கார்ப்பரும் கிறிஸ் கூன்ஸும். இரண்டு பேருமே எங்கள் மாநிலம். நான் தினமும் அழைத்த அதே இரண்டு பேர். தொற்றில் தள்ளாடும் சிறு தொழில்களை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பொருட்படுத்த வேண்டிய கவலைதான். ஆனால் தொற்றுக் காலம் முழுக்கக் கடையிலும் காப்பகத்திலும் நின்றவர்களும் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த வாக்கெடுப்பு எதற்கு என்பது அடுத்த வாரம் புரிந்தது. அதுவரை எங்கள் ஊரில் பேசினால், "எங்க ஆளுங்க எல்லாரும் ஆதரவுதான்" என்பார்கள். இப்போது பெயர் பதிவாகிவிட்டது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அது கண்ணில் பட்டது. மேலே கதவு சாத்தியிருக்கிறது, டோவரில் இருக்கும் கதவைத்தான் தட்ட வேண்டும் என்று எங்கள் குழுவின் பேச்சு மாறியது.

டோவர் எங்கள் தலைநகர். அங்கே மாநில செனட்டர் ஜாக் வால்ஷ் கொண்டுவந்த 15 டாலர் மசோதா (அதன் எண்ணும் 15தான்) ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தது. மேலவையில் 21 பேர், கீழவையில் 41 பேர். முறையே 11, 21 வாக்கு போதும். எனக்குப் புரிந்தவரை அதன் சூட்சுமம் இதுதான்: 2018 போல முக்கால் பங்கு கேட்கும் எந்த மசோதாவோடும் இதைப் பிணைக்கவில்லை. கடைசி இரவுக்குத் தள்ளாமல் மார்ச்சிலேயே மேலவையில் முடித்தார்கள். பயிற்சிக் கூலியை ஒழிப்பதைத் தனி மசோதாவாக வைத்தார்கள். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். உயர்வை நான்கு படியாகப் பிரித்தார்கள்.

குழு விசாரணை ஜூமில் நடந்தது. தொற்று இல்லாவிட்டால் வேலை நாளில் நான் டோவருக்குப் போய்ப் பேசியிருக்கவே முடியாது. முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், எந்த மசோதா என்று குறிக்க வேண்டும். எனக்கு ஒரு நிமிடம் கொடுத்தார்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை என்று செல்போனில் நேரம் வைத்துப் பேசிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எனக்கு 120 வந்தது. எழுதியிருந்த வாழ்க்கைக் கதை முழுவதையும் அடித்துவிட்டு சம்பளச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். காப்பகத்தின் பொருள் அறையில், டயப்பர் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, என் பெயர் வருவதற்குள் இரண்டு முறை ஒலியை அணைத்துத் திறந்து சரிபார்த்தேன். எனக்கு முன்னால் பேசியவர் சிறிய உணவகம் நடத்துகிறார். சம்பளம் ஏறினால் மூடிவிட வேண்டியதுதான் என்றார். அவர் குரலும் நடுங்கியது. அவரைக் கேட்ட பிறகு, முதலாளிகளைப் பற்றி எழுதிவைத்திருந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். மணிக்கு 9.25 என்றால் வாரத்துக்கு 370, வீட்டு வாடகைக்கு இரண்டரை வாரச் சம்பளம் போய்விடும் என்று மட்டும் சொன்னேன். "நன்றி, அடுத்தவர்" என்றார்கள். வெளியே வந்தால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

ஜூனில் கீழவையும் நிறைவேற்றியது. ஜூலை 19ஆம் தேதி ஆளுநர் ஜான் கார்னி கையெழுத்துப் போட்டார். 2022இல் 10.50, 2023இல் 11.75, 2024இல் 13.25, 2025 ஜனவரியில் 15. பயிற்சிக் கூலியை ஒழிக்கும் மசோதாவும் அதே ஆண்டு நிறைவேறியது.

குறை இல்லாமல் இல்லை. 15ஐத் தொட்ட பிறகு விலைவாசியோடு சேர்ந்து தானாக ஏறும் ஏற்பாடு சட்டத்தில் கிடையாது. அடுத்த உயர்வுக்கு மறுபடி மசோதா, மறுபடி ஒரு நிமிடப் பேச்சு. அதைவிடப் பெரிய குறை டிப்ஸ் வாங்கும் வேலைகள். அவர்களுக்கு முதலாளி கையில் இருந்து தரவேண்டியது மணிக்கு 2.23 டாலர்தான். டிப்ஸோடு சேர்த்தும் குறைந்தபட்சத்தைத் தொடாவிட்டால் மீதியை முதலாளி நிரப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதைக் கணக்குப் போட்டுக் கேட்பது யார்? நான்கு படி உயர்விலும் அந்த 2.23ஐத் தொடவே இல்லை. மசோதா உயிர் பிழைக்க அதை வெளியே விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படி விட்டது எனக்கு இன்னும் மனதில் அறுக்கிறது.

2025 ஜனவரிச் சம்பளச் சீட்டில் 40 மணி நேரம், 600 டாலர் என்று இருந்தது. பழைய சீட்டின் பக்கத்திலேயே ஒட்டிவைத்தேன். அன்று மாலை உணவகத்தில் பரிமாறும் தோழி வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் எடுக்கப் போனவள் இரண்டு சீட்டையும் நின்று படித்துவிட்டுக் கைப்பையில் இருந்து தன்னுடையதை எடுத்தாள். "காந்தம் இன்னொண்ணு இருக்கா அக்கா?" என்றாள். இருந்தது. இப்போது கதவில் மூன்று சீட்டு இருக்கிறது. மூன்றாவதில் 2.23.