ஜனவரி 28 அன்று கரையில் என்ன இருந்தது: ஒப்பந்ததாரர் செயல்திறன் ஆய்வில் என் அனுபவம்

கட்டுமான மேலாண்மை முதுநிலைப் படிப்புக்கு நான் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள், வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் மதகு, தடுப்புச் சுவர், ரெகுலேட்டர் (ஆற்றின் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கட்டமைப்பு) ஆகிய பணிகளைச் செய்யும் ஒப்பந்ததாரர்களின் செயல்திறனை எப்படி அளப்பது, எப்படி உயர்த்துவது என்பதாகும். நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஆறு பிரியும் இடத்துக்குச் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் வளர்ந்தவன் நான். பாதியில் நின்ற மதகையும், அதனால் கடைமடையில் காய்ந்த நாற்றங்காலையும் பள்ளிக்கூட வயதிலேயே பார்த்திருக்கிறேன். இதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அப்போதே மனதில் விழுந்துவிட்டது.

எல்லோரும் செய்வதுபோல நானும் வினாத்தாளில்தான் தொடங்கினேன். தாமதத்துக்கான காரணங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்டு, கிடைத்த மதிப்பெண்களின் கூட்டலை, உச்ச மதிப்பெண்ணும் பதிலளித்தோர் எண்ணிக்கையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால், சார்பு முக்கியத்துவக் குறியீடு கிடைக்கும். அது 1-ஐ நெருங்க நெருங்க அந்தக் காரணத்தின் கனம் அதிகம். நம்பகத்தன்மையைக் காட்டும் குரோன்பாக் ஆல்ஃபாவும் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் 0.7-ஐத் தாண்டியதால் மகிழ்ந்துபோனேன். ஆனால் கேள்விகள் ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றனவா என்பதைத்தான் அந்த எண் சொல்லும். பதில் மெய்யா என்பதைச் சொல்லாது. ஒப்பந்ததாரர்கள் பில் பணம் தாமதமாவதை முதல் காரணமாக வைத்தார்கள். பொறியாளர்கள் ஒப்பந்ததாரரின் திட்டமிடல் குறைவை முதலில் வைத்தார்கள். இரண்டு பட்டியலும் தலைகீழாக நின்றன. என் வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "இது யார் யாரைக் குறை சொல்கிறார்கள் என்பதற்கான ஆய்வாகிவிட்டது. தேதிகளைப் போய்ப் பாருங்கள்" என்றார்.

பதிவேடுகளைப் பார்க்க அனுமதி வாங்குவதிலேயே ஒரு பருவம் போயிற்று. கிடைத்தது ஆறு பணிகளுக்கான பதிவேடுகள்தாம். அவை போதும் என்று பின்னால் தெரிந்தது. டெண்டர் அறிவிப்பு, ஒப்பந்தக் கையெழுத்து, பணியிடம் ஒப்படைப்பு, முதல் கான்கிரீட், எம்-புக்கில் (முடித்த வேலையை அளந்து பதியும் ஏட்டில்) ஏறிய முதல் அளவு என்று ஒவ்வொன்றின் நாளையும் ஒரே தாளில் எழுதி, அதன் மேல், வெண்ணாற்றுக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணை திறந்து மூடும் நாட்களை வைத்துப் பார்த்தேன். அதுவரை எனக்குப் புலப்படாதது அங்கே இருந்தது.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடப்படும். ஆற்றுக்குள் இறங்கி வேலை செய்ய நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 135 நாட்கள். கான்கிரீட் முழு வலிமை பெற 28 நாட்கள் என்று பின்னோக்கி எண்ணினால், கடைசி கான்கிரீட்டை மே 15-க்குள் போட்டாக வேண்டும். ஆகஸ்டில் கையெழுத்தாகி ஆறு மாதக் கெடு விதிக்கப்பட்ட பணிக்கோ, தண்ணீர் இல்லாத நாளாகக் கிடைப்பது சில வாரங்களே. அந்தப் பணியில் கால நீட்டிப்புக் கேட்டவரைத் தாள் 'தாமதமானவர்' என்று காட்டுகிறது. அவர் எந்தத் தவறும் செய்வதற்கு முன்பே அவருடைய மதிப்பெண் குறைந்துவிட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருந்தது. 2022-இல் நீர்வரத்து நன்றாக இருந்ததால் மே 24 அன்றே மேட்டூரும் மே 27 அன்று கல்லணையும் திறக்கப்பட்டன. உழவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆற்றுக்குள் சென்டரிங் அடித்து வைத்திருந்தவர்களுக்கோ 19 நாட்கள் இல்லாமல் போயின.

அப்படியானால் எல்லாப் பழியும் நாட்காட்டிக்குத்தானா என்றால், இல்லை. ஒரே மாதத்தில் கையெழுத்திட்ட இரண்டு பேரில் ஒருவர் மே முதல் வாரத்தில் ஷட்டரை, அதாவது மதகின் கதவை, ஏற்றிவிட்டார்; மற்றவர் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனார். முடித்தவரை அவருடைய வேறொரு பணியிடத்தில் பார்க்கப் போனேன். மூங்கில் கொட்டகையில் உட்கார்ந்து, கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினார். ஐப்பசி, கார்த்திகை மாதப் பக்கங்கள்தாம் நிறைந்திருந்தன: கம்பி வந்த நாள், ஜல்லிக்கு முன்பணம், ஷட்டரும் அதை ஏற்றி இறக்கும் திருகுத்தண்டும் பட்டறையில் எந்த நிலையில் இருக்கின்றன என்பது வரை. "தம்பி, தண்ணி நின்னப்புறம் கம்பி வாங்கப் போறவன் வேலைய முடிக்க மாட்டான். தை பொறந்தா எல்லாரும் அறுப்புக்குப் போயிடுவாங்க, டிராக்டரும் கிடைக்காது. அதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் கரையில சேத்துடணும்" என்றார்.

பக்கத்தில் அடித்தளக் குழியில் நீர் இறைக்கும் ஆயில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று ஓடாமல் தயாராக நின்றது. தண்ணீர் நின்று மூன்று வாரம் ஆகியும் களிமண் சுவரிலிருந்து ஊற்று கசிந்துகொண்டே இருந்தது. இரவில் ஒரு மணி நேரம் இன்ஜின் நின்றால், விடியும்போது கட்டிய கம்பி முழங்கால் அளவு நீரில் கிடக்கும் என்று மேஸ்திரி சொன்னார். அந்த இரண்டாவது இன்ஜினைப் பற்றி என் வினாத்தாளில் ஒரு கேள்விகூட இல்லை.

அன்று இரவே அளவுகோலை மாற்றி எழுதினேன். கெடு நாட்களைக் கொண்டு கணக்கிடுவதை விட்டுவிட்டு, தண்ணீர் நின்ற நாளில் கரையில் எவ்வளவு கம்பி, ஜல்லி, சென்டரிங் இருந்தது, ஷட்டர் எந்த நிலையில் இருந்தது, மாற்று இன்ஜின் உண்டா, பணியிடம் எந்த நாளில் அவர் கைக்கு வந்தது என்பவற்றை வைத்து மதிப்பிட்டேன். கடைசிக் கேள்வி, பணியிடத்தை ஒப்படைக்க வேண்டிய அரசுத் துறைக்கானது. ஒப்பந்ததாரரின் மதிப்பெண்ணோடு அதைச் சேர்க்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

வாய்மொழித் தேர்வில், ஆறே பணிகளை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று தேர்வாளர் கேட்டார். நியாயமான கேள்வி. வெண்ணாற்றுக்கு வெளியே இதை நீட்டிப் பேச மாட்டேன் என்றும், ஒப்பந்தக் கெடுவைத் தண்ணீரில்லா நாட்களாக எழுத வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன். இப்போது ஏழாவது பணியின் தேதிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதன் ஷட்டர் இன்னும் பட்டறையில் இருக்கிறது.