பதினேழாம் எண்

ஜனவரி 4, 2024, வியாழன்

அம்மாச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இடப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. மூக்கில் குழாய். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், தவறினால் முதுகில் புண் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நேரம் எழுதிய தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஜனவரி 5

வலக்கை ஆள்காட்டி விரல் மட்டும் ஓயவே இல்லை. போர்வையின் மேல் எதையோ எழுதிக்கொண்டே இருக்கிறது.

ஜனவரி 7, ஞாயிறு

என்ன எழுதுகிறார் என்று கண்டுபிடித்துவிட்டேன். லை. நாம் எழுதும் லை இல்லை, துதிக்கை வைத்த பழைய லை. விரல் முதலில் மேலே ஒரு சுழி போடுகிறது, வளைந்து இறங்குகிறது, பிறகுதான் ல வருகிறது. ஒரு முறைகூடப் பிசகவில்லை.

1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது அம்மாச்சி பணியில் சேர்ந்து இருபத்தோரு வருடம் ஆகியிருந்தது. ணை, லை, ளை, னை, றா, னா என்று பதின்மூன்று எழுத்துகளுக்கு உருவம் மாறியது. கரும்பலகையில் புதியதைத்தான் எழுதினார். பிள்ளைகள் பழக்கதோஷத்தில் துதிக்கை போட்டால் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினார். அம்மாவுக்கு எழுதும் கடிதங்களில் மட்டும் துதிக்கை போகவே இல்லை. கேட்டால், "பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் சொன்ன எழுத்து, வீட்டுக்கு என் வாத்தியார் சொன்ன எழுத்து" என்பார். சிறுவயதில் அது எங்கள் குடும்பத்துக்கு மட்டுமே உரிய எழுத்து என்று நினைத்திருந்தேன்.

மாலையில் வாய் திறந்தார். குழறல்தான். அம்மாவுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது.

"பதினேழு வரவில்லையா?"

ஜனவரி 8

கஞ்சியை எத்தனை முறை வடிகட்டினாலும் குழாய் அடைத்துக்கொள்கிறது. அழுதுவிட்டேன்.

ஜனவரி 11

வருகிறவர்கள் எல்லாம் காலடியில் நின்று "டீச்சர்" என்று கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். நரைத்த தலைகள். ஒருவர் கைகட்டி நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

சனிக்கிழமை மத்தியானங்களைப் பற்றி அவர்தான் பேச்சை எடுத்தார். கரும்பலகைக்குக் கரி பூசும் நாள். பையன்கள் ஊமத்தை இலை பறித்துவர வேண்டும், பெண்பிள்ளைகள் அடுப்புக்கரி கொண்டுவர வேண்டும். நானும் அதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்பு மட்டும் அம்மாச்சியிடம் படித்தேன், அவர் ஓய்வுபெற்ற வருடம், 1994. அம்மியில் இலையையும் கரியையும் சேர்த்து அரைக்கும்போது எழும் பச்சை வாடை, முழங்கைவரை வழியும் கருப்பு, பழைய துணியைச் சுருட்டி மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. குறுக்கே இழுத்தால் திட்டுத் திட்டாகக் காயும். காயும்வரை யாரும் தொடக்கூடாது. திங்கட்கிழமை காலை அதில் விழும் முதல் சுண்ணாம்புக் கோடு அவ்வளவு வெள்ளையாக இருக்கும்.

சிலேட்டைத் துடைக்கக் கோவை இலை. எச்சில் தொட்டுத் துடைத்தால் அம்மாச்சிக்குக் கோபம் வரும்.

வகுப்பில் நானும் "டீச்சர்" என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு நாள் மறந்துபோய் "அம்மாச்சி" என்றேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. அன்று இரவு என்னை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் தலை கோதினார்.

ஜனவரி 13

மாமா தொலைபேசியில் சத்தம் போட்டார். திருச்சிக்குக் கொண்டுபோக வேண்டுமாம். அம்மா ஒன்றும் சொல்லாமல் என்னிடம் கொடுத்துவிட்டாள். என்ன சொல்வது? டாக்டர் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? கொண்டுபோகாமல் விட்டது நாங்கள்தான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடுமோ? கொண்டுபோய் வழியிலேயே ஏதாவது ஆகிவிட்டால்? இரவு முழுவதும் இதேதான். இரண்டு மணிக்குப் புரட்டினேன். நான்கு மணிக்குப் புரட்டினேன். எலும்புதான் கையில் தட்டுகிறது.

ஜனவரி 15, பொங்கல்

வாசலில் பானை வைத்தோம். ஒரு சொட்டுப் பாலை உதட்டில் தடவினேன்.

அரிசி களையும்போது அம்மா சொன்னாள். அம்மாச்சி வேலையில் சேர்ந்த 1957இல் காமராஜரின் மதிய உணவு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கும் வந்ததாம். அரசாங்கம் ஒரு பங்கு தரும், மீதியை ஊர் தர வேண்டும். இருபத்தோரு வயதுப் பெண் தகர டப்பாவோடு வீடு வீடாகப் போய்ப் பிடி அரிசி கேட்டிருக்கிறார். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார் என்று சில வீடுகள் அரிசியை நிறுத்தியிருக்கின்றன. அந்த வீடுகளுக்கும் மறுநாள் டப்பாவோடு போய் நின்றாராம். எத்தனை நாள் என்று கேட்டேன். "போடுகிறவரை" என்றாள் அம்மா.

ஜனவரி 16

பதினேழு. இன்று மூன்று முறை.

ஜனவரி 18

குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து இரண்டு பாட்டிகள் பஸ்ஸில் வந்திருந்தார்கள். கல்குவாரியில் சல்லி உடைத்தவர்கள். 1991இல் புதுக்கோட்டை மாவட்டம் முழுவதும் அறிவொளி இயக்கம் நடந்தபோது அம்மாச்சி இரவில் அரிக்கேன் விளக்கோடு போய் இவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த வருடம்தான் அம்மாச்சியும் சைக்கிள் பழகினார், ஐம்பத்தைந்து வயதில். ஊரெல்லாம் பெண்கள் சைக்கிளில் போன வருடம் அது. விழுந்த தழும்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது, துடைக்கும்போது தினமும் பார்க்கிறேன்.

ஒரு பாட்டி அம்மாச்சியின் உள்ளங்கையை விரித்து, அதில் தன் பெயரை விரலால் மெதுவாக எழுதினார். போர்வையின் மேல் ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றது. எழுதி முடிக்கும்வரை அசையவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

விடியற்காலை 4.40. அடுத்துப் புரட்ட வேண்டிய நேரம் ஆறு மணி.

ஜனவரி 24

சுவரில் இருக்கும் தாளை யாரும் கிழிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 27

வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். அம்மாச்சியோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: ஜூன் மாதம் புது வருகைப் பதிவேடு, புது எண். ஒவ்வொரு வருடமும் ஒரு பதினேழு உண்டு கண்ணு, எந்தப் பதினேழைச் சொல்வது?

முப்பத்தேழு வருடம்.

ஜனவரி 30

அம்மாவுக்கு ஒன்று நினைவு வந்தது. கடலை பறிக்கும் காலத்தில் வகுப்பு பாதி காலியாகிவிடும். சாயங்காலம் அம்மாச்சி கொல்லைக் கொல்லையாகப் போய்ப் பிள்ளைகளைத் தேடுவார், தாய் தகப்பனிடம் கெஞ்சிக் கூட்டிவருவார். ஒரு நாள் இருட்டிய பிறகு வந்தார். கால் முழங்கால்வரை சேறு. தனியாகத்தான் வந்தார். கால் கழுவவில்லை, சாப்பிடவில்லை, திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். யாரைத் தேடிப் போனார் என்று அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கு அப்போது ஏழெட்டு வயது. பயத்தில் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று அம்மாவிடம் கத்திவிட்டேன். பாவம் அம்மா.

பிப்ரவரி 2

போர்வையைத் துவைக்கக் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

நாளை கருமாதி. பழைய பதிவேடுகள் பள்ளிக்கூடத்து மர பீரோவில் இருக்கலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 6

1957 இல்லை. 1958 இல்லை. 1961 இருக்கிறது, ஓரங்களைக் கரையான் தின்றிருக்கிறது. அம்மாச்சியின் கையெழுத்து, எல்லா லையிலும் துதிக்கை. பதினேழாம் எண்ணுக்கு நேரே ஆவணிவரை வருகை இருக்கிறது. பெயர் இருந்த இடத்தில் தாளே இல்லை. அடுத்த கட்டு மேல் தட்டில் இருக்கிறது. ஏணி கொண்டுவரப் போயிருக்கிறார்கள்.