கல்லூரி சாஃப்ட்பால்: மகளின் தரத்தை யாரிடம் கேட்பது?

அமெரிக்காவில் பெண்பிள்ளை கிளப் அணிக்காக ஊர் ஊராகப் போய் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற மட்டைப் பந்தாட்டம்) ஆடினால், கல்லூரி அணியில் இடம் கிடைக்குமா என்ற பேச்சு எட்டாம் வகுப்பிலேயே வந்துவிடும். எங்கள் மகள் ஷார்ட்ஸ்டாப், அதாவது செகண்ட், தேர்டு பேஸ்களுக்கு (ஓடுகிறவள் மிதிக்க வேண்டிய இடங்கள்) நடுவே நின்று பந்தைப் பிடித்து எறிகிறவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஹைலைட் வீடியோவுக்குச் செலவு செய்யும் முன், முகதாட்சண்யம் பார்க்காமல் பேசும் ஓர் ஆளைப் பிடியுங்கள்.

மாதாமாதம் நம்மிடம் கட்டணம் வாங்கும் கோச்சுக்கு அது கஷ்டம். எதிரணி கோச்சிடம் கேளுங்கள். "நன்றாக ஆடுகிறாளா?" என்றால் "பிரமாதம்" என்றுதான் பதில் வரும். "நீங்கள் கல்லூரி கோச்சாக இருந்தால் இவளை எடுப்பீர்களா, எந்த இடத்தில் நிறுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். எங்களுக்கு வந்த பதில்: "பந்தைப் பிடிப்பதில் குறையே இல்லை. ஆனால் ஷார்ட்டிலிருந்து இவள் எறியும் பந்து போய்ச் சேர்வதற்குள், வேகமாக ஓடுகிறவள் முதல் பேஸை மிதித்துவிடுவாள். செகண்ட் பேஸுக்கு மாற்றுங்கள், அங்கிருந்து எறியும் தூரம் குறைவு." அன்று திரும்பும் வழியெல்லாம் காரில் மகள் வாயே திறக்கவில்லை.

அவர் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். பேஸுக்குப் பேஸ் 60 அடிதான். அதில் பத்தில் ஒரு நொடி கூட அவுட்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். மட்டையில் பந்து பட்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்தி, ஓடுகிறவள் முதல் பேஸை மிதிக்கும்போது நிறுத்துங்கள்; மகள் எறியும் பந்து அதற்குள் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். இடக்கை ஸ்லாப்பர்களில் (ஓடிக்கொண்டே பந்தைத் தட்டுகிறவர்கள்) நல்ல வேகக்காரிகள் 3 நொடிக்குள் போய்விடுகிறார்கள். பயிற்சியில் எடுத்த நேரம் கணக்கில்லை, போட்டியில் எடுங்கள். அப்புறம், குறிவைத்திருக்கும் கல்லூரியின் அணிப் பட்டியலைப் பாருங்கள். மகள் ஆடும் இடத்தில் யார் இருக்கிறார்கள், எப்போது படிப்பை முடிக்கிறார்கள் என்று தெரியும். 2025-26 முதல் டிவிஷன் 1-இல் (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு), வருவாயை வீரர்களோடு பகிரும் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணியில் 25 பேர்தான் என்று வரம்பு. வேறு கல்லூரியிலிருந்து மாறிவரும் அனுபவசாலிகளும் அதற்குள்தான்.

ஒன்பதாம் வகுப்பில் கல்லூரியின் பயிற்சி கேம்ப் அழைப்பு வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். டிவிஷன் 1 கோச்சுகள் பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் அணிக்கு எடுப்பது பற்றி வீராங்கனையிடம் பேசக் கூடாது. கேம்ப் விளம்பரம் போன்றவற்றை அனுப்பலாம். கேம்ப் கட்டணமும் நாம்தான் கட்ட வேண்டும்.

டிவிஷன் 3 என்றதும் நம்மவர்கள் முகம் சுளிப்பது எனக்குப் புரிவதே இல்லை. அங்கே விளையாட்டு உதவித்தொகை கிடையாது, உண்மைதான். ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும்தான் கிடையாது! நல்ல மதிப்பெண்ணுக்கு டிவிஷன் 3 கல்லூரிகள் பல தரும் சலுகை, வேறிடத்தில் கிடைக்கும் அரைகுறை விளையாட்டுத் தொகையை விட அதிகமாகவே இருக்கலாம். இரண்டையும் கேட்டு வாங்கி, கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கணக்குப் போடுங்கள்.

கோச்சுக்கு மெயில் எழுதுவது மகளாக இருக்கட்டும், நீங்கள் வேண்டாம். பட்டப்படிப்பில் சேரும் ஆண்டு, ஆடும் இடம், மதிப்பெண், அளந்த நேரங்கள், அடுத்த போட்டியின் மைதானம், ஜெர்சி எண். இவ்வளவு போதும்.