நெருப்புப்பெட்டிப் பொன்வண்டின் கனடாச் சொந்தம்

எங்கள் காலத்துப் பிள்ளைகள் இலந்தை இலையோடு நெருப்புப்பெட்டிக்குள் வைத்து வளர்த்த பொன்வண்டை மறந்தவர் இருக்கமாட்டார்கள். அதே குடும்பத்து, எமரால்ட் ஆஷ் போரர் (emerald ash borer) என்ற வண்டொன்று ரொறன்ரோவின் தெருவோர ஆஷ் மரங்களைக் கொன்றுவருகிறது. மரகதப் பச்சை, நீளம் 13 மில்லிமீற்றர் வரை. பிறப்பிடம் கிழக்கு ஆசியா. 2002இல் அமெரிக்காவின் டிட்ரோயிற், கனடாவின் வின்சர் பகுதிகளில் கண்டறியப்பட்டு, 2007இல் ரொறன்ரோவிலும் தென்பட்டது. அப்போது இந்நகரில் ஏறத்தாழ 860,000 ஆஷ் மரங்கள் நின்றன.

ஊர்ப் பொன்வண்டின் குடம்பி (புழுப்பருவம்) மண்ணுக்குள் வேரைத் தின்னும். இதன் குடம்பி வாழ்வது பட்டைக்கு உள்ளே. தாவரவியல் பாடத்தில் பட்டையை வளையமாக உரித்துக் காட்டுவார்களே, அந்தப் பரிசோதனையைத்தான் இது ஒவ்வொரு மரத்திலும் செய்கிறது. பட்டை வெடிப்பில் இட்ட முட்டை இரண்டு கிழமையளவில் பொரிக்கும். குடம்பி உள்ளே துளைத்து, உணவைக் கடத்தும் உரியத்தையும், புதிய இழையங்களை ஆக்கும் மாறிழையத்தையும் தின்றபடி பாம்புபோல வளைந்து வளைந்து போகும். தடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்ததும் இலையில் ஆக்கிய உணவு வேருக்கு இறங்காது. நீரைக் கடத்தும் காழின் வெளிப்புறமும் கீறப்படுவதால் நீரேற்றமும் குறையும். குளிர்காலத்தைக் குடம்பி உடலை மடித்துக்கொண்டு கழிக்கும். வசந்தத்தில் கூட்டுப்புழுவாகி, ஜூன் அளவில் வண்டாக வெளிவரும். திடமான மரத்தில் இதற்கு இரண்டு வருடமும் ஆகலாம்.

தாக்குதல் உச்சிக் கிளைகளில் தொடங்குவதால் முதற் சில வருடங்கள் கீழே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. மரங்கொத்தி பட்டையைச் செதுக்கிய வெளிறிய திட்டுகள், அடிமரத்தில் திடீரெனக் கிளம்பும் தளிர்கள் ஆகியவற்றைக் கவனியுங்கள். வண்டு வெளியேறிய துளை சுமார் 4 மில்லிமீற்றர். ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் அரைவட்டமாக இருக்கும். முழுவட்டத் துளையென்றால் அது வேறு வண்டு. பட்டுப்போன ஆஷ் மரம் விரைவில் நொறுங்கும், ஆகவே வெட்டுவதைத் தள்ளிப்போடவேண்டாம். அந்த விறகைக் கூடாரமடித்துத் தங்கும் உல்லாச முகாமுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். இவ்வண்டைத் தொலைதூரம் சேர்த்தது பெரும்பாலும் விறகுதான்.

மருந்து நம் வேப்பங்கொட்டையிலிருந்து வருவதென்பது மனதுக்கு இதமான செய்தி. அதிலுள்ள அசாடிராக்டின் என்ற பூச்சிகொல்லிப் பொருளை, ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடிவுக்குள், அடிமரத்தைச் சுற்றி ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் சிறு துளையிட்டு உரிமம் பெற்றவர்கள் ஏற்றுவார்கள். குடம்பி தோலுரிக்க முடியாமல் சாகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப ஏற்றவேண்டும். கிளைப்பரப்பில் 30 சதவீதத்துக்கு மேல் பட்டுப்போயிருந்தால் பயன் குறைவு: மருந்து மேலே ஏறவேண்டிய காழை வண்டு முன்பே அறுத்திருக்கும்.