படத்துக்குக் கீழே ஒரு பென்சில் கோடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் நாற்காலியும் மேசையும் செய்கிறார்கள். பலகை எல்லாம் பால்மரம், அதாவது ரப்பர் மரம். பால் வற்றிய மரத்தைச் சாய்த்து, அறுத்து, மருந்தில் ஊறவைத்து, காயவைத்துக் கொண்டுவருவார்கள். என் அம்மா பால் வெட்டிய மரங்களும் அதில் வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. 2005-இல் மனிதவளப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். வேலை கேட்டு வருபவர்களின் விண்ணப்பப் பாரங்களை வாங்கி, சரிபார்த்து, அடுக்கி மேலே அனுப்புவதுதான் முதல் நாளிலிருந்து என் பொறுப்பு.

அந்தப் பாரத்தில் பெயருக்கும் அடையாள அட்டை எண்ணுக்கும் அடுத்து 'பங்சா', அதாவது இனம்; அதற்கடுத்து 'அகாமா', அதாவது சமயம். படிப்பு, அனுபவம் எல்லாம் அதற்குப் பிறகுதான். மேலே வலது ஓரத்தில் படம் ஒட்ட ஒரு கட்டம். திங்கட்கிழமை நான் அனுப்பும் கட்டு புதன்கிழமை திரும்பி வரும். சில பாரங்களில் படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு பென்சில் கோடு இருக்கும். கோடு இருந்தால் கூப்பிட வேண்டாம் என்று அர்த்தம்.

படிப்பு போதவில்லை போலிருக்கிறது என்றுதான் முதல் சில மாதம் நினைத்தேன். அப்புறம் ஒருநாள் ஒரே மோட்டார் சைக்கிளில் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒரே இடைநிலைப்பள்ளி, ஒரே வருடம் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதியவர்கள். ஒருவன் மலாய்ப் பையன், மற்றவன் நம் பையன். நம் பையனிடம் ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக் டிப்ளமாவும் இருந்தது. நெற்றியில் விபூதி, ஒவ்வொரு சான்றிதழையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். புதன்கிழமை கோடு அவன் படத்துக்குக் கீழே இருந்தது.

மேனேஜரிடம் போய்க் கேட்டேன். தலை நிமிராமல் சொன்னார்: "இந்தியப் பையன்கள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) நிறைய எடுப்பார்கள். சண்டை போடுவார்கள்." நான் அங்கேயே நிற்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "நீ அப்படி இல்லை, நீ நல்ல மாதிரி" என்றார். நான் "சரி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த 'சரி' இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாரத்தைக் கோப்பில் வைப்பதற்கு முன் கோட்டை அழித்துவிடச் சொல்வார். நான்தான் அழிப்பேன். ரப்பரால் எவ்வளவு தேய்த்தாலும், விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் காகிதத்தில் பள்ளம் தெரியும். இப்படி எத்தனை கோடுகளை அழித்தேன் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொன்றும் ஒரு வீட்டுப் பிள்ளை.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதன் பிறகுதான் தேட ஆரம்பித்தேன். கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றோடு 2001-இல் பாலினத்தையும் சேர்த்து, இவற்றைக் காட்டிப் பாகுபாடு கூடாது என்கிறது. 136-ஆவது பிரிவின்படி அரசு ஊழியர்களை எந்த இனமானாலும் பாரபட்சமின்றி நடத்த வேண்டும். 153-ஆவது பிரிவு மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடியினரின் சிறப்பு நிலையைப் பாதுகாக்கிறது. இவையெல்லாம் அரசாங்கத்தைப் பார்த்துப் பேசும் பிரிவுகள். கர்ப்பமானதால் வேலையிழந்த ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில், அரசியலமைப்பு உரிமைகள் அரசின் செயலுக்கு எதிரானவை, தனியார் முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலானதற்குப் பொருந்தாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2005-இல் சொல்லிவிட்டது. அதாவது எங்கள் மேனேஜரின் பென்சிலுக்கு அரசியலமைப்பு எட்டாது.

ஓர் அரசாங்க முடிவு ஒரு வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வரும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டையோடு பல காலம் உழைத்தவர்கள், பெர்மிட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். என் தாத்தாவின் தம்பியும் ஒருவர். அவர் விட்டுப்போன தகரப்பெட்டி எங்கள் லயன் வீட்டில் வெகுநாள் கிடந்தது. மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கியபோது, தோட்டம் துண்டாடப்பட்டு ஜனங்கள் தெருவுக்கு வராமல் இருக்கத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) சேர்த்தார். கேட்டு நிற்காமல் சேர்ந்து நின்றது அது. அந்த ஞாபகம் எனக்குத் தெம்பு தருகிறது.

2018-இல் எங்கள் கேண்டீனில் ஒருவரோடொருவர் பேசாமல் சாப்பிட்ட சில வாரங்கள் இருந்தன. ஐ.நா.வின் மனித உரிமை உடன்படிக்கைகளில் எஞ்சியவற்றையும் ஏற்கப்போவதாக அன்றைய பிரதமர் மகாதீர் செப்டம்பரில் பொதுச்சபையில் சொன்னார். இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையான ஐசெர்ட்டும் அதில் அடக்கம். எதிர்ப்பு கிளம்பியது. நவம்பர் 23-இல் ஏற்கப்போவதில்லை என்று பிரதமர் அலுவலகம் அறிவித்தது. அதற்குப் பிறகும் டிசம்பர் 8-இல் கோலாலம்பூரில் பெரிய பேரணி நடந்தது. சம்பளக் கணக்கு பார்க்கும் மலாய் அக்கா ஒருநாள் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "இதில் கையெழுத்துப் போட்டால் எங்கள் பிள்ளைகளின் உபகாரச் சம்பளம் போய்விடுமாமே?" பின்தங்கிய சமூகத்துக்கான சிறப்பு நடவடிக்கைகளை, நோக்கம் நிறைவேறும் வரை, அந்த உடன்படிக்கையே அனுமதிக்கிறது என்று நான் படித்ததைச் சொன்னேன். "இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே" என்றார். அவரும் நானும் அன்றைக்கு ஒரே மேசையில் சாப்பிட்டோம். மக்களிடம் போய் விளக்கும் வேலையைச் செய்யாமல் எந்தக் கொள்கையையும் அறிவிக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

2023 ஜனவரி 1-இல் திருத்தப்பட்ட வேலைச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 69எஃப் பிரிவின்படி, வேலையிடத்துப் பாகுபாடு பற்றிய தகராறைத் தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அது பலனும் தந்தது. மெருகேற்றும் பகுதியில் 11 வருடம் வேலை செய்த ஒரு தங்கச்சி, மூன்று சூப்பர்வைசர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவள். அந்தப் பதவி அவளுக்கு மட்டும் வரவே இல்லை. "அக்கா, என் விஷயம் இந்தச் சட்டத்துல வருமா?" என்று கேட்டாள். பிரிவை நகலெடுத்துக் கொடுத்தேன். புகார் எழுதிக்கொண்டு போனாள். விசாரணை நாள் வருவதற்குள் நிர்வாகமே பதவியைக் கொடுத்துவிட்டது. முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

ஆனால் அந்தப் பிரிவின் வார்த்தைகளைக் கவனியுங்கள். 'ஊழியருக்கும் அவருடைய முதலாளிக்கும்' இடையிலான தகராறு என்கிறது. விபூதியோடு வந்த அந்தப் பையன் யாருடைய ஊழியன்? அவன் இன்னும் கதவுக்கு வெளியேதானே நிற்கிறான். பாகுபாடு என்றால் என்ன என்றும் சட்டம் விளக்கவில்லை. இனம், சமயம் என்ற சொற்கள்கூட அந்தப் பிரிவில் இல்லை. மித்ரா என்ற அரசாங்கப் பிரிவின் வழியாக இந்திய சமூகத்துக்கென்று வரவு செலவுத் திட்டத்தில் 10 கோடி வெள்ளி ஒதுக்குகிறார்கள். வெல்டிங், ஃபோர்க்லிஃப்ட் என்று பிள்ளைகள் சான்றிதழோடு வருகிறார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சான்றிதழும் அதே கட்டில்தான் மேலே போகிறது. வேலை தேடுபவரையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். நிராகரித்த பாரத்தைக் காரணத்தோடு வைத்திருக்க முதலாளியைக் கட்டாயப்படுத்த வேண்டும். காரணத்தை எழுத வேண்டும் என்றாலே பாதிக் கோடுகள் விழாது.

சமயத்தின் பெயரால் நடப்பது இன்னும் நுணுக்கமானது. ஈப்போ கல்லுமலைக் கோயிலில் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து மொட்டையடித்து வந்த ஒரு தம்பியைப் பார்த்து, குண்டர் மாதிரி இருக்கிறான், வாடிக்கையாளர் வரும் பக்கம் நிற்க வேண்டாம் என்றார்கள். கையில் கட்டிய சிவப்புக் கயிற்றை இயந்திரத்துக்குப் பக்கத்தில் கழற்றச் சொல்வது நியாயம், அதற்கு நானே துணை நிற்பேன். மொட்டைத் தலை எந்த இயந்திரத்தில் மாட்டும்?

கோடு போடுவது ஒரே இனத்தார் மட்டுமல்ல. ஆள் எடுக்கும் நம் குத்தகைக்காரர் ஒருவர், வந்த பையனிடம் "நீ என்ன ஆளுங்க?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். அதுவும் அதே பென்சில்தான்.

போன வருடம் பாரம் தீர்ந்து புதிதாக அச்சடிக்க வேண்டி வந்தது. இனம், சமயம், படம் மூன்றையும் எடுத்துவிட்டுக் கொடுத்தேன். புது மேனேஜர் ஏன் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். புதன்கிழமை கட்டு திரும்பியது. படம் ஒட்டும் கட்டம் இல்லை, கோடு மட்டும் இருந்தது. இப்போது பெயருக்குக் கீழே. நம் பெயர்களில் 'மகன்' என்பதற்கு ஏ/எல், 'மகள்' என்பதற்கு ஏ/பி என்று இருக்கிறதே, அது போதுமானதாக இருந்திருக்கிறது.

நேர்முகத் தேர்வு வரை பெயரை மறைத்து எண் மட்டும் கொடுக்கலாம் என்று இயக்குநருக்கு ஒரு பக்கத்தில் எழுதினேன். மலாய் அக்காவும் என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். போன மாதம் கொடுத்தோம், பதில் இல்லை. இந்தத் திங்கட்கிழமை 14 பாரங்கள் வந்தன. மேலே அனுப்பவில்லை. என் இழுப்பறையில் இருக்கின்றன. புதன்கிழமை கேட்பார்கள், பதில் வந்த பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லப்போகிறேன்.