இடவப்பாதிக்கு முன் பாய்ப்படகைக் கரையேற்றிய அனுபவம்

இடவப்பாதி என்று மலையாளத்தில் சொல்லும் தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொடும் இயல்பான நாள் ஜூன் 1. அதற்கு முன்பாக, தேங்காய்ப்பட்டணத்தில் ஆற்றோரத் தென்னந்தோப்பு ஒன்றில் எங்கள் 20 அடி ஃபைபர் பாய்ப்படகைக் கரையேற்றி மூடிவைக்கும் வேலை முடிந்துவிட்டது. விழிஞ்ஞம், கொல்லம், நீண்டகரை முகத்துவாரம் வழியாக அஷ்டமுடிக் காயல் என்று ஒரு பருவம் முழுவதும் அதிலேயே தங்கி ஓட்டிய படகு இது. எல்லை தாண்டிக் கேரளத்திலும், இந்தப் பக்கம் குமரி மேற்குக் கரையிலும் படகு வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், செய்ததை எழுதுகிறேன்.

இந்த வேலை பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாட்டாரை நினைத்து எழுதப்பட்டவை. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கும். எஞ்சினிலும் குழாய்களிலும் தேங்கிய நீர் அவற்றைப் பிளந்துவிடும் என்பதால், அங்கே உறையாத் திரவத்தை ஏற்றி வைக்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் கரையில் படகைத் தின்பவை உப்பும் ஈரமும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே கசியத் தொடங்கும். ஆடி மாதம் வரை இங்கே ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். உப்பேறிய துணியோ கயிறோ மழைக்காலம் முழுக்கக் காயாமலே கிடந்து பூஞ்சை பிடிக்கும். எனவே வெயில் இருக்கும்போதே உப்பை வெளியேற்றுவது, பிறகு காற்று நடமாட வழி வைப்பது என்ற இரண்டையும் மனத்தில் வைத்தே ஒவ்வொன்றையும் செய்தோம்.

அதிக நேரம் எடுத்தவை பாய்கள். ஆற்றுநீர் பொழிமுகத்துக்கு அருகில் உவர்ப்பாக இருப்பதால், தோப்புக் கிணற்று நீரையே இறைத்துக்கொண்டோம். துணியின் நடுப்பகுதி விரைவில் சுத்தமாகிவிடுகிறது. பல அடுக்காகத் தைத்த மூலைகளும், ஓரக் கயிறு ஓடும் மடிப்பும், பாயை விறைப்பாக வைக்கும் பட்டைக்குச்சி செருகும் பைகளும்தான் உப்பை விடுவதில்லை. அவற்றை ஊறவைத்துப் பிழிந்து, ஓரத்தை நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, கரிப்புத் தெரியாமல் போகும்வரை மறுபடி அலசினோம். பாலியெஸ்டர் துணியின் நூலைப் புற ஊதாக் கதிர் அரிக்கும் என்பதால், நிழலில் காற்றாட உலர்த்தித் தளர்வாகச் சுருட்டி, எலி எட்டாதபடி வீட்டு உத்திரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம்.

படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினைக் கிணற்று நீர் நிரப்பிய டிரம்மில் ஓடவிட்டு, உள்ளே இருந்த உப்பைக் கழுவினோம். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுத்து நீராகப் பிரிந்து அடியில் தங்கக்கூடியது. எனவே பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரில் மிச்சமிருந்ததும் எரிந்து தீரும்வரை ஓடவிட்டு நிறுத்தினோம். அடுத்து, கியர் ஆயிலை வடிக்கக் கீழ்த் திருகைத் திறந்தபோது, முதலில் இறங்கிய துளிகள் மோர் நிறத்தில் இருந்தன. உள்ளே நீர் போயிருக்கிறது. ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால், அதன் பின்னால் தண்டைச் சுற்றித் தங்கூசி, அதாவது மீன்பிடி நைலான் நூல், இறுகக் கிடந்தது. அறுந்து மிதக்கும் வலைத் துண்டுகள் நிறைந்த கடலில் இது எந்தப் படகுக்கும் நேரக்கூடியது. அந்த நூல் ரப்பர் சீலின் உதட்டை அறுத்திருந்ததால் சீலை மாற்றிப் புதிய எண்ணெய் நிரப்பினோம். கியர் ஆயிலை மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது சரியல்ல. நீர் கலந்த எண்ணெய் ஓடாமல் நிற்கும் மாதங்களில்தான் பற்களும் பேரிங்கும் துருப்பிடிக்கும்.

அடிப்பகுதியில் ஒட்டியிருந்த கொட்டலசை (ஓடுள்ள சிறு கடலுயிர்), படகு கரையேறிய உடனேயே மரக்கரண்டியால் சுரண்டிவிட்டோம். காய்ந்துவிட்டால் அது சிமெண்டாக இறுகிவிடும். மரச் சுக்கானுக்கு இங்குள்ள வள்ளக்காரர்கள் வழக்கப்படி முந்திரி ஓட்டு எண்ணெய் பூசினோம். தோலில் பட்டால் கொப்பளிக்கும், கையுறை கட்டாயம்.

படகைத் தென்னந்தடிகள்மேல் அமர்த்தும்போது எடை முழுவதும் படகின் அடிநடுவில் நீளவாக்கில் ஓடும் அடிமுதுகில் இறங்கவேண்டும். பக்க முட்டுகள் சாயாமல் தாங்குவதற்கு மட்டுமே. உதவிக்கு வந்த வயதான ஆசாரி, “தண்ணி உள்ள நிக்கக்கூடாது மக்களே, அணியத்தை ஒரு சாண் தூக்கி வையி” என்றார். அதன்படி முன்பக்கமான அணியத்தை உயர்த்தி, பின்பக்கமான அமரத்தின் வடிதுளையைத் திறந்து வைத்தோம்.

மூடுவதில்தான் பலர் என்னோடு முரண்படுகிறார்கள். தார்ப்பாயைப் படகோடு ஒட்டி இறுக்கிக் கட்டுவதே பாதுகாப்பு என்பது அவர்கள் கருத்து. ஒட்டிய தார்ப்பாய்க்கு உள்ளே நீராவி வியர்த்து நிற்கும் என்பதால் எனக்கு அது உடன்பாடில்லை. இறக்கிய பாய்மரத்தை இரண்டு கவட்டைக் கால்கள்மேல் முகடாக வைத்து, அதன்மேல் தார்ப்பாயை விரித்து, மழை சாய்ந்தடிக்கும் மேற்குப் பக்கத்தை நன்றாக இறக்கி, கிழக்கைத் திறந்துவிட்டிருக்கிறோம். உள்ளறையின் பலகைகளும் மெத்தைகளும் வெளியே வந்துவிட்டன. அலமாரிக் கதவுகள் திறந்தே கிடக்கின்றன.

பேட்டரி வீட்டில் இருக்கிறது. முழுதாக ஏற்றிய நிலையில் அது ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும்; 12.4க்கு இறங்கினால் மறுபடி ஏற்றவேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் முனைப் பிடிகளைச் சோதிப்பதும், அடிப்பகுதிக்குப் பாசித்தடுப்புப் பூச்சு அடிப்பதும் ஓணம் கழிந்த பிறகு.